உள்ளங்கையளவு மரம்

உங்கள் வீட்டுச் சுவரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்திருக்கிறீர்களா? தக்கை அக்கா பார்ப்பார். அமுங்காத சுவர் வைத்திருப்பவர்களைப் பற்றி அவருக்கு அவ்வளவு நல்ல எண்ணமும் கிடையாது. பட்டறையில் ஒவ்வொரு தக்கைப் பலகையையும் இப்படித்தான் சோதிப்பார். விரல் பட்ட இடம் குழியும்; பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மேலே வரும். "அமுக்கினா எழும்பணும். எழும்பலைன்னா தூக்கிப் போடு."

பலகைகள் குளிர்க்கிடங்குகளின் சுவருக்குப் போகின்றன. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஆப்பிளுக்கு வியர்க்காது. ஆப்பிள் மேல் இத்தனை கரிசனம் கொண்ட பட்டறையில், பலகையை இழைக்கும் பெண்களுக்குத் தூசியை இழுத்து வெளியே தள்ள ஒரு விசிறி இல்லை. தலையில் தூசி, இமையில் தூசி, நெஞ்சுக்குள் தூசி. அக்கா வேலைக்கு வருவதை அவர் இருமல் தெருமுனையிலேயே அறிவித்துவிடும்.

தக்கை என்பது ஒரு மரத்தின் பட்டை. பக்குவமாக உரித்தால் மரம் சாகாது, மறுபடி வளர்த்துக்கொள்ளும். இந்தச் செய்தி முதலாளிக்கு மிகவும் பிடித்துப்போனது. நுரையீரலும் அப்படித்தான் என்று முடிவுகட்டிவிட்டார்.

"எல்லாம் நம்ம தலையெழுத்துக்கா" என்றாள் பக்கத்தில் இழைப்பவள்.

அக்கா அவள் தலையைத் தட்டிக் காட்டினார். "இங்க இருக்கறது எழுத்து இல்லடி, தூசி. விசிறி போட்டா போயிடும்."

வீட்டிலும் தக்கைதான். ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் ஒன்று, சுடுசட்டிக்கு அடியில் ஒன்று. படுக்கையறைத் தடுப்பு முழுக்க மிச்சத் துண்டுகள். "அவரு குறட்டைக்குன்னு ஒட்டினேன். இப்ப அந்த மனுஷன் கூப்பிட்டாலும் கேக்கல. இனாமா வந்த லாபம்!"

இந்தக் கைவண்ணத்தை முதலாளி அறையிலும் காட்டியதுதான் பிசகு. இயந்திர இரைச்சல் தாங்கவில்லை என்றார் அவர். சுவர், கூரை, கதவின் இரண்டு பக்கம், விளிம்பு என்று ஒரு நூல் இடைவெளியில்லாமல் ஒட்டிக் கொடுத்தார் அக்கா. அடுத்த வாரம் விசிறி கேட்டுப் பெண்கள் எல்லாரும் அந்தக் கதவைத் தட்டினார்கள். பஞ்சு மூட்டையைக் குத்தியது போல இருந்தது. மாலையில் வெளியே வந்த முதலாளி, "குறையிருந்தா வந்து சொல்லலாமே? என் கதவை ஒருத்தரும் தட்டினதே இல்லையே!" என்றார். பொய்யே இல்லை, மனிதர் அவ்வளவு யோக்கியர். பதில் வருவதற்குள் காரில் ஏறிவிட்டார்.

மறுநாள் காலை அக்கா பலகை அறுக்கும் கத்தியோடு அந்தக் கதவுக்குப் போனார்.

"அக்கா, வேலை போயிடும்!"

"மூச்சு போறதுக்கு வேலை போறது தேவலை. தள்ளு."

கதவிலிருந்து உள்ளங்கையளவு தக்கையை அறுத்துப் பெயர்த்தார். வெறும் மரம் தெரிந்தது. விரலை மடக்கி அதில் தட்டினார். பட்டறை முழுக்கக் கேட்டது. கதவு கொஞ்சமாகத் திறந்தது.

"என்னம்மா?"

"விசிறி."

"பார்க்கலாம், பார்க்கலாம்." கதவு மூடிக்கொண்டது.

அக்கா மறுபடியும் தட்டினார். இடது கையில் அறுத்த துண்டு இருந்தது. கட்டைவிரல் அதை அமுக்கிக்கொண்டே இருந்தது. அது எழும்பிக்கொண்டே இருந்தது.

அந்தப் பக்கம் போனால் நீங்களும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போங்கள். தக்கையில் அல்ல, அந்த மரத்தில். பலமாக.