ஆறு பத்துக்கு அறுந்த மெயில்

மெயில் வரவில்லை என்று இப்போது என்னைத் தேடி யாரும் வருவதில்லை. எல்லாம் கைபேசியிலேயே வந்து விழுந்துவிடுகிறது. தென்காசியில் நான் கம்ப்யூட்டர் பழுது பார்க்கக் கடை போட்ட புதிதில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு வருவார்கள். "பெட்டி என்னைப் பாத்து முறைச்சுக்கிட்டே நிக்கி" என்பார் வடகரைத் தேங்காய் வியாபாரி. "உள்ள என்னமோ சிக்கிக்கிட்டு இருமுது" என்பார் பாவூர்சத்திரத்துக் காய்கறி மண்டிக்காரர். அந்தப் பேச்சுக்காகவே இன்னொரு தடவை பழுதாகாதா என்று இருக்கும்.

நான் முறையாகப் படித்தவன் இல்லை. பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவன். எனக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் லாக் ஃபைல்தான். மெயில் சாப்ட்வேரில் ஒரு கட்டத்தை டிக் செய்துவிட்டால், அது செய்வதையெல்லாம் நேரம் போட்டு வரிவரியாக எழுதிவைக்கும். மெயிலை வைத்திருக்கும் சர்வரிடம் போனேன், பேர் கேட்டான், சொன்னேன், ஒன்பது மெயில் இருக்கு என்றான், முதலாவதைக் கொடு என்றேன்... ஒளிவுமறைவே கிடையாது.

ஒரு சீசனில் குற்றாலத்து லாட்ஜ் அண்ணாச்சி கூப்பிட்டார். வெளியூரில் வேலை பார்த்த அவர் மகள் ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல, போனில் பெரிய சண்டை. "பேசினா கத்துதீங்கப்பா. மெயில்ல எழுதுதேன். படிச்சிட்டுச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டாளாம். மூன்று வாரமாக ஒரு மெயிலும் இறங்கவில்லை.

"எழுதலைன்னு நினைக்கேன் தம்பி. அவளுக்கு வீம்பு."

"அது யாருகிட்டருந்து வந்ததாம்?" என்றார் உள்ளேயிருந்து அவர் மனைவி.

லாக் எழுதவைத்துவிட்டு வந்தேன். நாலு நாள் கழித்து விடியற்காலையில் போய்த் திறந்தால், தினமும் அதே கதை. வந்து நின்ற ஒன்பதில் முதல் மெயில் பெரியது. பாதி இறங்கும்போது, காலையும் மாலையும் அதே அதே நேரத்துக்கு, எழுத்து அந்தரத்தில் நின்றுவிடுகிறது. அடுத்த தடவை மறுபடி முதலிலிருந்து. மற்ற எட்டும் அதன் பின்னால் காத்துக்கிடந்தன.

"அண்ணாச்சி, காலைல ஆறு பத்துக்கு எங்க போறீங்க?"

"அருவிக்கு. எண்ணெய் தேச்சாச்சுன்னா போகாண்டாமா?"

"சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு?"

"அதுவும் அருவிக்குத்தான்லா. நீ என்ன போலீஸா?"

"போகும்போது கம்ப்யூட்டரை என்ன செய்வீங்க?"

"இந்த ரூம் மெயின் சுவிட்சையே அணைச்சிருவேன். சாரல் நேரம், சுவரெல்லாம் ஓதம். தொட்டா ஷாக் அடிக்கும்."

அப்போதெல்லாம் நெட்டும் போன் வழியாகத்தான். இருந்தது ஒரே லைன். பகலில் அறை கேட்டு ஆட்கள் கூப்பிடுவார்கள் என்பதால் காலையும் மாலையும் அரைமணி நேரம்தான் மெயிலுக்கு. அந்த மெயில் இறங்க முக்கால் மணி நேரமாவது வேண்டும். நான் சொன்னதும் அண்ணாச்சி என்னையே பார்த்தார். "அப்போ, நாந்தான் தினமும் அறுத்து விட்டிருக்கேனா?"

அன்றைக்கு அவர் அருவிக்குப் போகவில்லை. உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, இடுப்பில் துண்டோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். "அருவி ஓடியா போயிரும்? உக்காரும்" என்று மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார். ஏழு மணியை நெருங்கும்போது முதல் மெயில் இறங்கி முடிந்தது. போன சீசனில் தங்கிய யாரோ ஒருவர் அருவிப் படங்களாக எடுத்து மொத்தமாக அனுப்பியிருந்தார். பின்னால் மற்றவை மளமளவென்று விழுந்தன. அதில் மூன்று மகளுடையவை.

முதலாவது நீளம். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். மனைவிக்கு அவர் வாசித்துக்காட்டியது என் காதில் விழத்தான் செய்தது. இரண்டாவது, "படிச்சீங்களாப்பா?" மூன்றாவது, "இன்னும் கோபமா?"

ஒற்றை விரலால் தட்டித்தட்டி அவர் அனுப்பிய பதில் ஒரே வரி: அம்மாவும் நானும் வருதோம், அந்தப் பையன் வீட்டு அட்ரஸ் அனுப்பு.

"தம்பி, மெயில் போயிட்டான்னு பாரு. ஒன்னோட அந்த ஃபைல்ல பாரு."

கடைசி வரியைக் காட்டினேன். அனுப்பியதை அங்கே ஏற்றுக்கொண்டதாக எழுதியிருந்தது.

"அவ படிச்சிட்டாளான்னு தெரியுமா?"

"அது இதுல வராது அண்ணாச்சி. அந்தப் பக்கம் வாங்கிக்கிட்டாங்க, அவ்வளவுதான் தெரியும்."

அந்த வரியின் மேல் விரலை வைத்தார். திரையில் எண்ணெய்த் தடம் பதிந்தது.

"வாங்கிக்கிட்டாங்கல்லா" என்றார். "சரி."