காதுக்குப் பழகிய கம்ப்யூட்டர்

தெருவில் அவளுக்குப் ‘புயல்’ என்று பெயர். சும்மா வைத்த பெயர் இல்லை. கண் பார்வை கிடையாது. ஆனால் டாக்டர்கள் பேசிப் பதிவு செய்த நோயாளிக் குறிப்புகளைக் கேட்டு, ஆஸ்பத்திரிக்கு டைப் அடித்துக் கொடுப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. அடித்ததைக் கம்ப்யூட்டர் ஒரு குரலில் அவளுக்கு வாசித்துக் காட்டும். அவள் வைத்திருக்கும் வேகத்தில் நாம் கேட்டால் கடுகு பொரிகிற சத்தம்தான். அவளுக்கோ ஒவ்வொரு எழுத்தும் தெளிவு.

அவளுடைய தம்பிக்குப் புதுக் கம்ப்யூட்டர் என்று காதில் விழுந்தால் போதும், கை துறுதுறுக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அக்காவுடையதைத் தூக்கிவிட்டுப் புதிதை வைத்துவிடுவான். பாசம்தான், யார் இல்லை என்றது? ஆனால் ஒவ்வொரு தடவையும் குரல் மாறும், பழகிய பட்டன்கள் வேறு வேலை செய்யும், அவள் ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்க வேண்டும். ஆசையாகச் செய்கிறானே என்று பல்லைக் கடித்துக்கொள்வாள்.

இந்த முறை அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து மாற்றினான். பெரிய சாதனை! புதுக் குரல் நல்ல இனிமை. அவளுடைய வேகத்துக்கு வைத்தால் பாதிச் சொல்லை விழுங்கியது. மருந்தின் அளவில் ஒரு எழுத்துப் பிசகினாலும் ஓர் உயிருக்கு ஆபத்து. முதல் தடவையாக ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, இன்று முடியாது என்றாள். நாளைக் காலையும் குறிப்புகள் வராவிட்டால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்றார்கள்.

போகப்போகப் பழகிவிடும் என்றான் தம்பி. பழையதை நண்பனுக்குக் கொடுத்தாயிற்றாம்.

“போய் வாங்கிட்டு வா. அது வர்ற வரைக்கும் இந்த நாற்காலிய விட்டு எழுந்திருக்க மாட்டேன்.”

“அது திடீர்னு உயிர விட்டா என்னக்கா பண்ணுவே?”

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அவளும் மறுக்கவில்லை.

“அதுக்கு முன்னாடி மாத்துவோம். புதுசு பக்கத்துலயே இருக்கட்டும், தினம் கொஞ்சம் கேட்டுப் பழகுறேன். என் காது சரின்னு சொன்னப்புறம் பழச எடு.”

முணுமுணுத்துக்கொண்டே போனவன், வியர்க்க விறுவிறுக்கச் சுமந்து வந்தான். வயர்களை மாட்டியதும் பழைய குரல் படபடவென்று கிளம்பியது. அவள் விரல்களும் கூடவே ஓடின. தம்பி பக்கத்திலேயே நின்றான்.

“அப்போ அடுத்தது எப்பக்கா மாத்தலாம்?”

அவள் விரல்கள் நின்றன.

“இத்தன வருஷத்துல இன்னிக்குத்தான்டா என்னைக் கேக்குறே.”