குசுகுசு வகுப்பு

எவர்சில்வர் தட்டில் ஸ்பூனால் ஒரு தட்டு தட்டினால் எழுந்திருக்க வேண்டும். இரண்டு தட்டினால் வட்டமாக உட்கார வேண்டும். விடாமல் தட்டினால் ஓட வேண்டும்; நிறுத்தியதும் சிலையாக நிற்க வேண்டும். ராஜாமணி டீச்சர் விடாமல் தட்டிக்கொண்டிருக்கிறார். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஒரே அறைக்குள் சுற்றிச் சுற்றி ஓடுகின்றன. தட்டு நிற்கிறது. ஒற்றைக் காலில் நின்ற பையன் விழுகிறான், அவன் மேல் இன்னொருத்தி விழுகிறாள். "அவுட்டு" என்கிறது டீச்சரின் உதடு. சத்தம் வரவில்லை. வாயில் அதக்கியிருக்கும் பனங்கற்கண்டை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு மறுபடியும் தட்ட ஆரம்பிக்கிறார்.

கடலூர் சாலையில் புதுச்சத்திரம் தாண்டி உள்ளே போகிற சின்ன ஊர் எங்களுடையது. எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஒரு மதில்தான். வீட்டில் உட்கார்ந்து பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கு அந்த மதில் ஒரு சோதனை. "தவளை எப்படிப் போகும்?" என்று டீச்சர் கேட்பார். "தத்தித் தத்திப் போகும்!" என்று வகுப்பு அலறும். சரியாகக் கேட்கவில்லை என்று டீச்சர் மறுபடி கேட்பார். எனக்குக் கேட்டுத் தொலைக்கும். ஒருநாள் மின்கட்டணம் பற்றிய கட்டுரையின் நடுவில் தவளை என்று எழுதிவிட்டேன்.

டீச்சருக்கு வீடு சிதம்பரத்தில். ஓய்வுபெற இன்னும் சில வருடங்கள் பாக்கி. பருத்திப் புடவை, அதற்குக் கீழே வெள்ளை கேன்வாஸ் ஷூ, முட்டியில் இறுக்கிய உறை. தோள்பையைக் கவிழ்த்தால் புளியங்கொட்டை, சோடா மூடி, காது பிய்ந்த சிங்க முகமூடி, விசில், தைலம் எல்லாம் கொட்டும். தவளை ஓட்டம் சொல்லிக்கொடுக்க அவரே குந்தித் தத்திக் காட்டுவார். பிறகு எழ முடியாது. ஆளுக்கொரு கையைப் பிடித்துப் பிள்ளைகள் இழுப்பார்கள். "முடியலடா சாமி" என்பது அவருடைய வழக்கமான வார்த்தை. வேலையை முடித்துவிட்டுச் சொல்கிறவர்கள் உண்டு. இவர் சொல்லிவிட்டுத்தான் வேலையையே தொடங்குவார். தட்டைக் கையில் எடுக்கும்போது, "முடியலடா சாமி." மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடக் குனியும்போது, "முடியலடா சாமி." செய்ததைப் படம் பிடித்துத் துறைக்கு அனுப்பச் செல்போனில் ஏற்றி, அது ஏறாமல் சுற்றிக்கொண்டே நிற்கும்போது மட்டும், "ஆண்டவரே."

போன தீபாவளிக்குப் பிறகு அந்தக் குரல் போய்விட்டது. முதலில் கரகரத்தது, அப்புறம் உடைந்தது, அப்புறம் வெறும் காற்றுதான் வந்தது. சிதம்பரத்தில் டாக்டர் பார்த்துவிட்டுத் தொண்டைக்குள்ளே முடிச்சு விழுந்திருக்கிறது, ஆறு மாதத்துக்கு வாயைத் திறக்கக் கூடாது, மீறிக் கத்தினால் ஆபரேஷன்தான், அதற்குப் பிறகும் குரல் வருமா என்று சொல்ல முடியாது என்றாராம். குசுகுசுவென்று பேசுவது அதைவிடக் கெடுதல் என்று வேறு சொல்லி அனுப்பினார்.

லீவு போட்டுப் பார்த்தார். பள்ளியில் மொத்தமே இரண்டு பேர். மற்றவர் தலைமை ஆசிரியர் கலியமூர்த்தி. அவர் சின்னப் பிள்ளைகளை ஐந்தாம் வகுப்பின் பின்னால் உட்காரவைத்துவிட்டுக் கூட்டத்துக்குப் போய்விட்டார். ஒருத்தன் மூக்குக்குள் புளியங்கொட்டையைப் போட்டுக்கொண்டான். அவ்வளவுதான், டீச்சர் மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கோபமும் வந்தது. உடம்பைவிடப் பெரிதா இந்தப் பள்ளிக்கூடம் என்று மதிலுக்கு மேல் தலையை நீட்டிக் கேட்டேன். கிட்டே வந்து, காற்றாகச் சொன்னார்: "நான் இல்லன்னா அதுங்க வெறிச்சினு செவுத்தையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்குதுங்க சார்."

அதிலிருந்து வகுப்பு தட்டிலும் குசுகுசுப்பிலும் நடந்தது. அட்டையைக் காட்டி அவர் குசுகுசுவென்று படிப்பார், பிள்ளைகள் குசுகுசுவென்று திருப்பிச் சொல்வார்கள். மதிலுக்கு இந்தப் பக்கம் எனக்குப் பரமசுகம். "இன்னா சார், கிளாஸ் கோயில் மாதிரி இருக்குது பாத்தீங்களா!" என்று கலியமூர்த்தி என்னிடமே பெருமையடித்துக்கொண்டார்.

அரசன் எவ்வழி குடிகள் அவ்வழி. வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து பார்வையிட வந்த அம்மா, இளமதி என்ற ஒன்றாம் வகுப்புப் பெண்ணை எழுப்பிப் படிக்கச் சொன்னபோதுதான் விஷயம் வெளிவந்தது. இளமதி கடகடவென்று படித்தாள். யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த அம்மா காதைக் கொண்டுபோய் வைத்தார்.

"சத்தமா படி பாப்பா."

"சத்தமா பேசலாம் மிஸ். படிக்கிறப்ப இப்டித்தான் படிக்கணும்."

பயந்தோ வெட்கப்பட்டோ அவள் சொல்லவில்லை. இத்தனைக்கும் விளையாட விட்டால் அவள் குரல் அடுத்த தெருவுக்குக் கேட்கும். ஒன்றாம் வகுப்பில் அத்தனை பிள்ளைகளும் அப்படியே படித்தன. டீச்சரின் குரல் போன பிறகு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற பிள்ளைகள். படிப்பு என்றாலே காதோடு சொல்கிற சமாச்சாரம் என்று நினைத்துவிட்டன. வந்த அம்மா, "பிள்ளைகளிடம் வாசிப்புத் தயக்கம்" என்று பதிந்துவிட்டுக் கிளம்பினார்.

இது இளமதியின் அப்பா இளவரசுவின் காதுக்குப் போயிற்று. சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்க்கிறவர். அவரும் ராஜாமணி டீச்சரிடம் ஒன்றாம் வகுப்புப் படித்தவர்தான். எங்கள் ஊரில் முப்பதுகளில் இருக்கிற முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். பள்ளி விடுகிற நேரத்தில் கேட்டருகே பைக்கை நிறுத்திக்கொண்டு பேசினார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க டீச்சர். புள்ள ஊமையாட்டம் படிக்குதுன்னு எல்லாரும் சொல்லுறாங்க. ஆண்டு விழாவுல எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிக்கட்டும், இங்கயே இருக்கட்டும். இல்லன்னா ஜூன்ல பிரைவேட் ஸ்கூல் வேன்ல ஏத்திடுவேன். எந்தங்கச்சி புள்ளைங்களும் அதே வேன்லதான் போவும், சொல்லிட்டேன்."

டீச்சர் தலையை மட்டும் ஆட்டினார். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் போனால் அறையில் பாதி காலி. அப்புறம் பள்ளிக்கூடத்தையே பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

மறுநாளே வகுப்பை மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். புது ஓட்டம் ஒன்று கண்டுபிடித்திருந்தார். ஒரு கோடியில் நிற்கிறவர் அட்டையில் இருக்கும் வார்த்தையைக் கத்திப் படிக்க வேண்டும். மறுகோடியில் நிற்கிறவர் அதைக் கேட்டு, தரையில் கிடக்கும் பொருளை எடுத்துக்கொண்டு ஓடிவர வேண்டும். இலை, கல், மூடி, முந்திரிக்கொட்டை. விசில் ஊதினார். இளமதி அட்டையைப் பார்த்தாள். மைதானம் முழுவதும் ஓடினாள். எதிரே நின்ற எழிலனின் காதில் குசுகுசுவென்று "இலை" என்று சொல்லிவிட்டு, அதே வேகத்தில் திரும்பி ஓடிவந்து தன் இடத்தில் நின்றாள். அடுத்த ஜோடியும் அதையே செய்தது. டீச்சர் சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், வேப்ப மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "முடியலடா சாமி" என்பதை அன்றைக்குத்தான் அவர் காரியத்துக்குப் பிறகு சொல்லக் கேட்டேன்.

மாசியில் ஆண்டு விழா வந்தது. மாசி மகத் தீர்த்தவாரிக்காக அக்கம்பக்கத்து மைக் செட்டெல்லாம் கிள்ளைக் கடற்கரைக்குப் போய்விட்டதால் இங்கே மைக் இல்லை. மத்தியானம் சாக்கு ஓட்டமும் எலுமிச்சம்பழ ஓட்டமும் முடிந்தன. விழுந்தவர்களுக்கெல்லாம் டீச்சர் தைலம் தேய்த்தார். ஜெயித்தவர்களுக்கும் தோற்றவர்களுக்கும் ஒரே மாதிரி டிபன் பாக்ஸ். நாலு மணிக்குப் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்ட மேடையில் இளமதி ஏறினாள். கையில் அணில் படம் போட்ட கதைப் புத்தகம்.

படித்தாள். உதடு அசைவது தெரிந்தது. முன்வரிசையில் இருந்த எனக்கே பாதிதான் கேட்டது. பின்னால் பெண்கள் பேச்சை நிறுத்தவில்லை. ஒரு குழந்தை அழுதது. "ஒண்ணுமே கேக்கல! சத்தமா படி!" என்று யாரோ கூவ, நாலு பேர் சிரித்தார்கள். கடைசியில் பைக்கில் சாய்ந்து நின்ற இளவரசு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இளமதி படிப்பதை நிறுத்திவிட்டு டீச்சரைப் பார்த்தாள்.

மேடையோரம் ஸ்டூலில் இருந்த டீச்சர் எழுந்தார். வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. கத்திவிடப் போகிறாரே என்று கலியமூர்த்தி, "வேணாம் டீச்சர், வேணாம்" என்று கையை நீட்டினார்.

டீச்சர் வாயை மூடிக்கொண்டார். கூட்டத்தின் பக்கம் திரும்பி, இடது கையை மார்போடு கட்டி, வலது கை ஆள்காட்டி விரலை உதட்டின் மேல் வைத்தார். அவ்வளவுதான். முதலில் ஒரு பெண், மடியில் பிள்ளையோடு, தன்னையறியாமல் விரலை வாயில் வைத்தாள். அவள் பக்கத்தில் இருந்தவள் வைத்தாள். மீசை வைத்த ஆள்கள் வைத்தார்கள். பேச்சு வரிசை வரிசையாக அடங்கிக்கொண்டே பின்னால் போயிற்று. கடைசியில் இளவரசு பைக்கை விட்டு விலகி நேராக நின்று, கையைக் கட்டி, விரலை வாயில் வைத்தார்.

இளமதி விட்ட இடத்திலிருந்து குசுகுசுவென்று படித்தாள். கொய்யா மரத்து அணில் கீழே விழுந்ததும், மறுபடி ஏறியதும், ஒரு எழுத்து விடாமல் கேட் வரைக்கும் கேட்டது. படித்து முடித்துப் புத்தகத்தை மூடினாள். ஒருவரும் கை தட்டவில்லை. டீச்சர் விரலை எடுக்கட்டும் என்று எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் எப்போதோ ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டிருந்தார். கண்கள் மூடியிருந்தன; பனங்கற்கண்டு மட்டும் இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாறியது. உதட்டிலிருந்து விரலை இன்னும் எடுக்கவில்லை.