கோட்டைக்கு நாலு சிப்பாய்

ஞாயிறு மாலை ஐந்து நாற்பது. அரியூரில் அக்கா வீட்டுக்குள் நுழைந்து வாங்கிவந்த விளையாட்டுப் பெட்டியைப் பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது, அக்கா மகளின் விரல். ஒன்பது வயதுக்காரி, விதிகளைப் படிக்காமல் சிப்பாய்களை எண்ணிக்கொண்டிருந்தாள். கடையில் இருந்ததிலேயே எளிய போர் விளையாட்டாகப் பார்த்து வாங்கியிருந்தேன்.

"நீ கோட்டைய வச்சிக்கோ. நாலே சிப்பாய், ஈசி."

"இன்னா மாமா, உனக்கு மட்டும் பத்தா?"

அவள் பார்த்த பார்வை என்னைச் சின்ன வயதுப் பாகூருக்கு இழுத்துப்போனது. சாணம் மெழுகிய தரையில் அக்கா கரியால் ஆடுபுலிக் கட்டம் கிழிப்பாள். புளியங்கொட்டைகள்தான் ஆடுகள். கரும்புத் தோட்டத்துச் சேறு காலில் காய, சித்தப்பா பார்த்துக்கொண்டிருப்பார். அன்று ஜெயிப்பவரைத்தான் வில்லியனூர் தேருக்குக் கூட்டிப்போவார். சைக்கிளில் ஒருவருக்கே இடம்.

"நீ புதுசுடா. புலிய எடுத்துக்கோ, மூணே காய்," என்றாள் அக்கா.

சந்தேகத்தில் அவள் ஆடுகளை இரண்டு முறை எண்ணினேன். பதினைந்து, சரியாக இருந்தது. அரை மணியில் என் மூன்று புலிகளும் நகர வழியில்லாமல் நின்றன.

"இன்னாடா மொறைக்கிற? எண்ணித்தான பாத்த!" என்று சைக்கிளில் ஏறினாள்.

இப்போது அக்கா மகள் எழுந்து, சமையலறையில் இருந்த தன் அம்மாவிடம் ஏதோ கேட்டாள். திரும்பி வந்து, கோட்டை என் பக்கம் வரும்படி பலகையைத் திருப்பி வைத்தாள்.