உதடு படாத செம்பு

என்னிடம் ஒரு பித்தளைச் செம்பு இருக்கிறது. அதன் விளிம்பு ஒரு பக்கம் உள்வாங்கி நெளிந்திருக்கும். பாத்திரக்காரன் வரும்போதெல்லாம் தட்டிச் சரிசெய்து தருகிறேன் என்பான்; நான் கொடுத்ததே இல்லை. இன்று காலை அதை எடுத்துப் புளி போட்டு விளக்கி வைத்தேன்.

அது என் மாமியாருடையது. அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் பாலக்காட்டுப் பக்கம் எருத்தேன்பதிக்கு வாழ வந்த புதிதில், கடலைக்காட்டு வெயிலில் இருந்து வந்த தாகத்தில் இந்தச் செம்பில் வாய் வைத்துக் குடித்துவிட்டேன். "ஏம்புள்ள, உங்கூட்டுல இப்பிடித்தான் எச்சப் பண்ணுவீங்களா? தூக்கிக் குடி" என்று அதட்டி, சாம்பல் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவ வைத்தார். அவர் அண்ணாந்து குடித்தால் ஒரு சொட்டுக் கன்னத்தில் வழியாது. வேற்றாள் கைத்தண்ணீரையும் தொடமாட்டார். சித்தூர் வரை போனாலும் வீடு திரும்பும்வரை தாகத்தை அடக்கிக்கொண்டுதான் வருவார். எனக்கு அவரிடம் பயமும் எரிச்சலும் இருந்தன. அன்பு பின்னால்தான் வந்தது.

ஒரு மாசி மாதம் மாடு கட்டும் கட்டுத்தரையில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. வலப்பக்கம் முழுதும் விளங்காமல் போனது, பேச்சும் போனது. சித்தூருக்கு அப்பால் ஒரு வைத்தியர் வீட்டில் இப்படி விழுந்தவர்களைத் தங்க வைத்து, எண்ணெய் தேய்த்துப் பார்த்துக்கொள்வதாகக் கேள்விப்பட்டு மாமனார் இடம் பார்க்கப் போனார். என்னையும் கூட்டிப் போனார். சந்தையில் காளை பிடிக்கப் போகிறவர் மாதிரிதான் சோதித்தார். படுக்கையை அழுத்திப் பார்த்தார், விரிப்பைத் தூக்கி முகர்ந்தார், அங்கே கிடந்த ஒரு கிழவரை லேசாகப் புரட்டி முதுகில் புண் இருக்கிறதா என்றுகூடப் பார்த்துவிட்டார். ஒரு குறையும் இல்லை. கடைசியில் பொறுப்பிலிருந்த பணிப்பெண்ணிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "எங்கூட்டுக்காரி எங்க சனம் தவிர ஒருத்தரு கையிலயும் தண்ணி வாங்கமாட்டாளுங்க. அதை மட்டும் மீறிப்போடாதீங்க." எங்கள் சனத்துப் பெண் ஒருத்தி அங்கே காலையும் மாலையும் சமைக்க வந்துகொண்டிருந்தாள். அவளே தண்ணீர் கொடுப்பாள் என்று பணிப்பெண் ஒப்புக்கொண்டதும் மாமனாருக்கு மனம் நிறைந்துபோயிற்று.

அத்தையை இந்தச் செம்போடு அங்கே சேர்த்துவிட்டு, சந்தை நாள் மாலைகளில் போய்ப் பார்த்து வந்தோம். போகிற ஒவ்வொரு முறையும் அறை முன்னைவிடச் சுத்தமாக இருந்தது. விரிப்பில் ஈரமில்லை, நாற்றமில்லை, ஈ இல்லை. "நம்மூட்டுல உன்னால இப்பிடி வெச்சிருக்க முடியுமா?" என்று மாமனார் என்னைச் சீண்டுவார். அத்தையின் கண் எங்களைப் பார்க்காது, வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். என் முந்தானையைப் பிடித்தால் விரல் விரலாகப் பிரித்துத்தான் விடுவிக்க வேண்டியிருந்தது. உதடு வெடித்து வெள்ளை பூத்திருந்தது. எண்ணெய்ச் சூடு, போகப் போகச் சரியாகும் என்றாள் பணிப்பெண். பழி சொல்ல அந்த அறையில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பங்குனியில் ஒரு நாள், சந்தை இல்லாத நாள், உச்சி வெயிலில் போய் நின்றோம். இந்தச் செம்பு தலைமாட்டில் பளபளவென்று கவிழ்ந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன், உள்ளே காய்ந்து கிடந்தது. ஓடிப்போய் மொண்டு வந்து நீட்டினேன். அத்தை இடக்கையால் பறித்து, வாய் வைத்துக் குடித்தார். புருசனும் மருமகளும் பார்த்துக்கொண்டிருக்க, செம்பின் விளிம்பை உதட்டால் கவ்வி உறிஞ்சினார். காலியான பிறகும் விடவில்லை. இன்னும் கொண்டு வரலாம் என்று நான் வாங்கப் போனபோது, பிடுங்கிக்கொள்கிறேன் என்று நினைத்து வெடுக்கென்று இழுத்தார். செம்பு கட்டில் சட்டத்தில் மோதியது. அந்த நெளிவு அப்போது வந்ததுதான்.

மாமனார் பணிப்பெண்ணிடம் சத்தம் போட்டார். அவள் பதறவே இல்லை. "வேற ஆளு தண்ணி கொடுக்கக் கூடாதுன்னு பறஞ்சது நீங்கதானே? நாங்க ஒரு நாளும் அதை மீறினதில்லை" என்றாள். அது உண்மை. படுத்திருப்பவருக்கு வாயில் படாமல் தூக்கி ஊற்றினால் புரை ஏறும். அதனால் சமையற்காரி காலையில் நாலு மிடறு, மாலையில் நாலு மிடறு ஊற்றுவதோடு நிறுத்திக்கொண்டாள். நடுவில் யாரும் கிட்டே வரவில்லை. விரிப்பு நனையாததால் அவர்களுக்கும் வேலை மிச்சம். அந்தப் பணிப்பெண்ணின் முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பயம். "ஏனுங்க மாமா, ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாமுங்க" என்றேன். அவர் வெளியே போய் வண்டியைப் பூட்டச் சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிறகு யார் கொடுத்தாலும் அத்தை குடித்தார், வாய் வைத்தே குடித்தார். எச்சில் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் நிறைந்த செம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிடக்கும்போதும் அவர் கண் வாசலைவிட்டு அகலவில்லை. தண்ணீர் வரும் என்ற நம்பிக்கை அவருக்குத் திரும்பவே இல்லை. அடுத்த மழைக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார்.

இப்போது எனக்குக் கால் விழுந்துவிட்டது. நாக்கும் சில நாள் குழறுகிறது. மகனையும் மருமகளையும் குறை சொல்ல மாட்டேன், அவர்களால் முடிந்தவரை பார்த்தார்கள். முந்தாநாள் மகன் பாலக்காட்டில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் இடம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான். "அத்தன சுத்தமுங்கம்மா. படுக்கையில ஒரு பொட்டு ஈரமில்லீங்க. துளி நாத்தமில்லீங்க" என்றான். அவன் தாத்தாவின் முகம் அப்படியே.

"தண்ணி யாரு கண்ணு குடுப்பாங்க?"

அவன் அதைக் கேட்டு வரவில்லை. "அதெல்லாம் குடுப்பாங்கம்மா" என்றான்.

பேச்சு இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று, "அங்க இருக்கறவங்க எல்லாருகிட்டயும் சொல்லீரு சாமி. உங்கம்மா வாய் வெச்சுக் குடிப்பா, யாரு குடுத்தாலும் குடிப்பான்னு சொல்லு" என்றேன். நான் ஏதோ வேடிக்கை பேசுவதாக நினைத்து அவன் சிரித்தான். இன்று என்னை அங்கே கூட்டிப் போகக் கிளம்பும்போது, விளக்கி வைத்த செம்பைத் துணிக்கெல்லாம் அடியில் பத்திரமாக வைத்துப் பையை மூடினான்.