தலைக்குள் எடுத்த படம்

கூட வேலை பார்க்கிற சக்கரபாணி தொண்டையைச் செருமினால் போதும், கொளஞ்சி கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிடுவார். பயல் ஏதோ சிரிப்புக் கதை எடுத்துவிடப்போகிறான் என்று அர்த்தம். மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கலாம். கொளஞ்சி சிரித்தால் முட்டி கழன்றுகொள்ளும், தாடை தொங்கிவிடும், ஆள் துணிமூட்டை மாதிரி சரிந்துவிடுவார். கோபம் வந்தாலும் அதே கதிதான். ஆனால் நினைவு தப்பாது. விழுந்து கிடக்கிற நேரத்தில் யார் என்ன பேசினார்கள் என்று எழுந்ததும் ஒன்றுவிடாமல் சொல்லுவார்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் அவருக்கு வேலை. பியூஸ் கட்டைகளைப் பச்சையாக, வேகாத மண்ணாகப் பலகையில் அடுக்கிச் சூளைக்குத் தூக்கிப் போகவேண்டும். நடுவில் எப்போது தூக்கம் வரும் என்று அவருக்கே தெரியாது. பேசிக்கொண்டிருக்கும்போது வரும். சோறு வாயில் இருக்கும்போது வரும். அதனால் மத்தியானச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடுகிறார். வண்டி ஓட்டுவது மனைவி அன்பரசி. இவர் பின்னால் உட்கார்ந்து இருவர் இடுப்பையும் துண்டால் சேர்த்துக் கட்டிக்கொள்வார். கடைத்தெருவே பார்த்துச் சிரிக்கும். “வுழுந்தா ரெண்டு பேரும் சேந்து வுழுவோம், அவ்ளோதான்” என்பார்.

போன மாதம் வந்தது வினை. சக்கரபாணி செருமாமலே எதையோ சொல்லித் தொலைத்தான். தலையில் பலகையோடு போன கொளஞ்சி சரிந்தார். பலகை முழுக்க இருந்த பச்சைக் கட்டைகள் நொறுங்கிப்போயின. முதலாளி கோதண்டபாணி ஓடிவந்து பார்த்துவிட்டு, குடித்திருக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டார். கொளஞ்சி ஆயுளில் குடித்ததில்லை. தூக்க வியாதி என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பரிசோதனை செய்து கொடுத்த தாளைக் காட்டினார். அவன் தூங்குவதைப் பார்த்து எழுதிக்கொடுத்த தாள்தானே, தூங்காத ஆள் யாரய்யா உலகத்தில் என்று முதலாளி அதை ஒதுக்கிவிட்டார்.

“தலைக்குள்ள கோளாறுன்னா படம் எடுத்தாந்து காட்டு. வேற வேல போட்டுத் தரேன். இல்லன்னா குடிதான், நின்னுக்க.”

வேலை போவதுகூட இரண்டாம்பட்சம். குடிகாரன் என்று பேர் வாங்கிக்கொண்டு வெளியே போனால் இந்த ஊரில் வேறு எந்தப் பட்டறை சேர்க்கும்?

நல்லவேளையாக அதே ஆஸ்பத்திரியில் டாக்டர் வேல்விழி என்று ஒருவர், இந்த வியாதிக்காரர்களைத் தேடிப்பிடித்து மூளையைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். ஆராய்ச்சி. கொளஞ்சி ஓடிப்போய்ப் பேர் கொடுத்தார். தடதடவென்று இரைகிற குழாய்க்குள் ஆடாமல் அசையாமல் படுத்துக்கொண்டு, தலைக்குள் ஒரு கீறலாவது இருந்துவிடவேண்டும் என்று வேண்டிக்கொண்டார். இப்படியும் ஒரு மனுஷன் வேண்டுவானா? வேண்டினார், பாவம்.

நார்மல் என்று வந்தது.

வேல்விழி பொறுமையாகத்தான் விளக்கினார். ஒருத்தர் படத்தை மட்டும் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாதாம். இந்த வியாதி உள்ள நிறையப் பேருடைய படங்களைச் சேர்த்து, இல்லாதவர்களுடைய படங்களோடு ஒப்பிட்டால்தான், சில இடங்களில் மூளை கொஞ்சம் குறைந்திருப்பது புலப்படுமாம். படத்தில் தெரியாததால் வியாதி பொய்யாகிவிடாது என்றார். கொளஞ்சி தலையை ஆட்டினார். முதலாளியிடம் காட்ட நூறு பேர் படத்துக்கு அவர் எங்கே போவார்?

வெளியே வந்ததும் அன்பரசி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் பூரிப்பு. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் குறையை மனுவாக எழுதிக் கட்டுவார்கள். பிராது என்று பேர். காரியம் பலித்ததும் திரும்பப் போய், வழக்கை வாபஸ் வாங்குவதுபோல ராஜினாமா கொடுக்கவேண்டும். அவள் இவருக்குச் சொல்லாமல் பிராது கட்டியிருக்கிறாள். என் புருஷன் தலைக்குள்ளே ஒரு குறையும் இருக்கக்கூடாது, என் மக தமிழினிக்கும் அது வரக்கூடாது என்று எழுதியிருக்கிறாள். சாமி கேட்டுவிட்டார், நாளைக்கே ராஜினாமா கொடுத்துவிடலாம் என்றாள்.

கொளஞ்சி அங்கிருந்த சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கு ஏதாவது இருக்கணும்னுதான்டி நான் வேண்டிக்கிட்டேன். இல்லன்னா நான் குடிகாரன், அன்பு.”

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மறுநாள் காலையில் ராஜினாமா பேச்சே இல்லை. நானும் பட்டறைக்கு வரேன் என்று மட்டும் சொன்னாள்.

முதலாளி ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தார். வாசலில் சக்கரபாணியும் இன்னும் நாலு பேரும் வந்து நின்றுகொண்டார்கள். கொளஞ்சி, டாக்டர் சொன்னதைத் தனக்குப் புரிந்த மட்டும் சொல்லப் பார்த்தார். நாக்குக் குழறியது. அது வேறு அவருக்கு வினையாக முடிந்தது.

“ஒண்ணுமில்லன்னு அவங்களே எழுதிட்டாங்களே. காலையிலயே ஏத்திட்டு வந்து ஆராய்ச்சிக் கத சொல்றியா?”

கோபம் குப்பென்று ஏறியது. ஏறின வேகத்தில் முட்டி கழன்றது. மேஜையைப் பிடிக்கப் போன கை வழுக்க, கொளஞ்சி தரையில் கிடந்தார். கண் திறந்தே இருக்கிறது, காது கேட்கிறது, ஒரு விரலை அசைக்க முடியவில்லை. பாத்தியா என்று முதலாளி வாசலைப் பார்த்துச் சொன்னது கேட்டது. தூக்கி வெளியில போடுங்க என்றதும் கேட்டது.

யாரும் உள்ளே வருவதற்குள் அன்பரசி தரையில் மண்டியிட்டாள். ஆஸ்பத்திரித் தாள் எதையும் அவள் எடுக்கவில்லை. புருஷனுடைய தலையை மடியில் தூக்கி வைத்து, தொங்கிய தாடையை இரண்டு கையாலும் பிடித்து வாயை நன்றாகத் திறந்தாள்.

“படம் புடிக்கிற மிஷின வுடுங்க, மொதலாளி. நீங்களே வந்து மோந்து பாருங்க.”

கொளஞ்சிக்கு மேஜைக்கு அடியில் முதலாளியின் செருப்பு தெரிந்தது. அது நகரவில்லை. அன்பரசி தாடையை விடவில்லை. நாற்காலி பின்னால் தள்ளப்பட்டது. செருப்பு மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தது. கோதண்டபாணி முட்டியில் கை ஊன்றி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வாசலில் நின்ற அத்தனை பேரும் பார்க்க, கொளஞ்சியின் திறந்த வாய்க்கு நேராகக் குனிந்தார்.