முதல் தட்டின் உப்பு

சமையலக்கா செய்தித்தாளை நின்றுகொண்டுதான் படிப்பார். ஒரு கையில் கரண்டி, மறு கையில் தாள். தலைப்பைப் படிப்பார், முதல் பத்தியைப் படிப்பார். அதற்குள் அடுப்பில் ஏதாவது பொங்கும், இல்லையென்றால் அவருக்கே பொங்கிவிடும். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஓடுவார். மீதிச் செய்தி படிக்கப்படாமலே போகும்.

அவர் சமைத்தது எங்கள் பேருந்துப் பணிமனையின் கேன்டீனில். வண்டி கழுவும் இடத்துக்கும் டயர் மாற்றும் கொட்டகைக்கும் நடுவே நீளமான ஒரு கூடம். அதன் கடைசியில் சமையலறை. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் வாசல் கேட் தெரியும். காலை முறை முடிந்து வரும் ஓட்டுநர்கள், நடத்துநர்கள், மெக்கானிக்குகள் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு அங்கேதான். சோறு, பருப்பு, ஒரு காய், ஒரு சூப்.

அக்காவின் கணவரும் அதே பணிமனையில் ஓட்டுநர். விடிகாலையில் கிளம்பும் முதல் வண்டி அவருடையது. அதனால் அவர் பெயரே முதல்வண்டி என்று ஆகிவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார்.

ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் மருத்துவச் சோதனையில் அந்த வருடம் முதல்வண்டியின் ரத்த அழுத்தம் எல்லைக்கு மேலே நின்றது. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து மறுசோதனை என்றார்.

"அதுக்குள்ள இறங்கலேன்னா ஸ்டீயரிங்கை வேற ஆளுக்குக் குடுத்துட்டு நீங்க கேட்லதான் உக்காரணும். நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

கேட்டில் உட்காருவது என்றால் வருகிற, போகிற வண்டிகளின் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்வது. அந்த வேலையை நான் பல வருடம் பார்த்தவன். கேவலமான வேலை இல்லை. ஆனால் முதல்வண்டிக்கு அது உயிரோடு புதைப்பதற்குச் சமம். "அடுத்தவன் ஓட்டறதை உக்காந்து பாக்கறதுக்கு நான் என்ன டிராஃபிக் லைட்டா?" என்று மருத்துவரிடமே கேட்டுவிட்டார்.

மருத்துவர் சிரிக்கவில்லை. துணைக்கு வந்திருந்த அக்காவைப் பார்த்து, "உங்க காலை ஷிஃப்ட்ல பாதிப் பேருக்கு ப்ரெஷர் இருக்கும்மா. கேன்டீன்ல கடல் தண்ணியிலயா சமைக்கிறீங்க?" என்றார்.

"நாள் பூரா இன்ஜின் சூட்டுல உக்காந்து, பாக்கறவன்கிட்ட எல்லாம் கத்திக்கிட்டு வண்டி ஓட்டினா ப்ரெஷர் வராம பன்னீரா வரும்?" என்று பதில் சொல்லிவிட்டு எழுந்தார் அக்கா. ஆனால் அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

செய்தித்தாளில் உணவைப் பற்றி என்ன வந்தாலும் மறுநாள் அது கேன்டீனுக்கு வந்தது. முட்டை கெடுதல் என்று ஒரு திங்கட்கிழமை முட்டை நின்றது. முட்டை நல்லது என்று அடுத்த வாரம் திரும்பி வந்தது. ஓர் எண்ணெயை மாற்றி இன்னொன்று, அதை மாற்றி வேறொன்று. பழச்சாறு நல்லது என்று பெரிய ஜாடியில் வைத்தார். சாறு வேண்டாம், பழத்தை முழுசாகச் சாப்பிடுங்கள் என்று அடுத்த செய்தி வந்ததும் ஜாடியைக் கழுவிக் கவிழ்த்தார். காபிக்கு வந்த கதியைச் சொல்லவே வேண்டாம்.

ஒல்லி என்று பெயர் வாங்கிய நடத்துநர் ஒருவர் தினமும் கூடத்துக்குள் நுழையும்போதே குரல் கொடுப்பார். "அக்கா, இன்னிக்கி எது செத்துச்சு, எது பொழைச்சுச்சு?"

"உன் வாய்தான் இன்னும் சாகல. தட்டை எடு தம்பி."

"தட்டு உடம்புக்கு நல்லதா? பேப்பர்ல ஒண்ணும் போடலியே?"

எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே கணவரின் முகத்தைப் பார்ப்பார்: சிவந்திருக்கிறதா, வீங்கியிருக்கிறதா, படியேறி வந்ததற்கு மூச்சு வாங்குகிறதா. வாரம் ஒருமுறை பணிமனை முதலுதவி அறையில் முதல்வண்டிக்கு அழுத்தம் பார்ப்பார்கள். மாத்திரையால் கொஞ்சம் இறங்கி, அதற்குமேல் இறங்கமாட்டேன் என்று எண் அடம்பிடித்தது.

ஒரு மாதம் அப்படியே கரைந்தது. அப்போதுதான் ஒரு காலையில் சோடியம் குறைந்த உப்பைப் பற்றிய செய்தி வந்தது. சாதா உப்புக்குப் பதிலாக இதைப் போட்டால் ரத்த அழுத்தம் குறைகிறது என்று தலைப்பு. அக்கா முதல் பத்தியோடு நிறுத்தித் தாளை இடுப்பில் செருகிக்கொண்டார். மதிய வேலை முடிந்ததும் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் தெருமுனை மருந்துக்கடைக்குப் போனார்.

"இந்த உப்பு இருக்கா? வீட்டுக்கு ஒரு பாக்கெட். கேன்டீனுக்கு மூட்டையா வரவழைச்சுத் தர முடியுமா?"

மருந்துக்கடைக்காரர் பாக்கெட்டை எடுத்தார், ஆனால் கையிலேயே வைத்துக்கொண்டார். "வீட்ல யாருக்கு?"

"வீட்டுக்காரருக்குத்தான்."

"என்ன மாத்திரை சாப்பிடறார்?"

அக்கா பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். அவர் அதைப் பார்த்துவிட்டு உப்புப் பாக்கெட்டைத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

"இதுல சோடியத்தைக் குறைச்சு அந்த இடத்துல பொட்டாசியம் சேத்திருக்காங்க. இந்த மாதிரி மாத்திரை சாப்பிடறவங்களுக்கு உடம்புல பொட்டாசியம் தங்கிரும். அது அதிகமானா இதயத்துடிப்பு தாறுமாறாப் போகலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவங்களுக்கும் அப்படித்தான். டாக்டரைக் கேக்காம இதைத் தொடக்கூடாது. நீங்க மூட்டையா வாங்கி ஊருக்கே போடறேங்கறீங்க!"

"பேப்பர்ல நல்லதுன்னுதானே போட்டிருந்தது?"

"எதுவரைக்கும் படிச்சீங்க?"

அக்கா கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். கடைக்காரர் முன்னால் கிடந்த ஸ்டூலை நகர்த்திப் போட்டார். "உக்காந்து மிச்சத்தைப் படிங்க. உங்க கால் எனக்கே படபடப்பு வர வைக்குது."

அக்கா உட்கார்ந்தார். இடுப்பிலிருந்து தாளை எடுத்து நீவி, கடைசிவரை படித்தார். கடைக்காரர் சொன்ன எச்சரிக்கை ஆறாவது பத்தியில் இருந்தது. அதற்கும் கீழே வேறொன்று இருந்தது. எந்த உப்பானாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். அதிக உப்புக்குப் பழகிய நாக்குக்கோ சரியான உப்பும் சப்பென்றுதான் இருக்கும். அந்த வரியை அவர் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போய்விட்டார்.

எங்கள் கேன்டீனில் ஒரு வழக்கம் இருந்தது. சமைப்பவர் ருசி பார்ப்பதில்லை; நாள் முழுக்க ஆவியில் நிற்பவருக்கு நாக்கு மரத்துப்போகும் என்பார்கள். காலையில் முதலில் போன வண்டி முதலில் திரும்பும். அதன் ஓட்டுநருக்குத்தான் முதல் தட்டு. அவர் சாப்பிட்டுப் பார்த்து "சரி" என்றால் கூடத்துக்குப் பரிமாறுவார்கள். "பத்தல" என்றால் அக்கா உப்பு ஜாடிக்குள் கையை விடுவார். முதல் வண்டியை ஓட்டியவர் பல வருடமாக ஒரே ஆள்.

மறுநாள் முதல்வண்டி வந்தார். சூப்பை ஒரு வாய் குடித்தார். "பத்தல" என்றார்.

அக்காவின் கை ஜாடிக்குள் போனது. போன கை வெளியே வரவில்லை. இத்தனை வருடம் "பத்தல" என்ற சொல்லுக்கு எத்தனை பிடி உப்பு அள்ளிப் போட்டோம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். முதல்வண்டியின் நாக்கு வருடத்துக்கு வருடம் தடித்துக்கொண்டே வந்தது. பணிமனை முழுவதும் அந்த ஒரு நாக்கின் உப்பைத்தான் தின்றுகொண்டிருந்தது.

"என்ன, ஜாடிக்குள்ள பாம்பா?" என்றார் முதல்வண்டி.

அக்கா வெறுங்கையை வெளியே எடுத்தார். கூடத்தின் மூலையில், டயர் கொட்டகையில் வேலை செய்யும் டயர்க்காரர் உட்கார்ந்திருந்தார். வாய் திறந்து பேசாத ஆள். தினமும் சூப்பில் டம்ளர் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிக் கலக்கிக் குடிப்பார். தன் சமையலை அவமானப்படுத்துகிறார் என்று அக்காவுக்கு அவர்மேல் தீராத மனத்தாங்கல் உண்டு. இப்போது நேராக அவரிடம் போனார்.

"அண்ணே, எதுக்குத் தண்ணி ஊத்தறீங்க?"

டயர்க்காரர் திருடிப் பிடிபட்டவர் போல எழுந்து நின்றார். "கரிக்குதும்மா. நான் ஒண்ணும் சொல்லலியே."

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல! நாளையிலேருந்து முதல் தட்டு உங்களுக்கு."

முதல்வண்டி தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். ஒல்லிகூட அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

சண்டை வீட்டில் நடந்தது. அடுத்த வீடு என்பதால் எனக்குக் கேட்டது. கேட்காமல் இருக்க வழியும் இல்லை, அந்தச் சுவர் அவ்வளவு மெலிசு.

"ஸ்டீயரிங்கை டாக்டர் புடுங்கப் பாக்கறாரு. தட்டை நீ புடுங்கற. இன்னும் என்ன இருக்கு, சட்டையையும் கழட்டிக் குடுத்துடறேன்!"

"ஸ்டீயரிங் உங்க கையில இருக்கணும்னுதாங்க தட்டைப் புடுங்கினேன்."

"அவன் வாழ்க்கையில ஒரு வண்டி ஓட்டியிருக்கானா? டயரை உருட்டறவன்!"

"அவருக்கு நாக்கு உருப்படியா இருக்கு. உங்களுக்கு இல்ல. பாதிப் பணிமனைக்கு ப்ரெஷர்னு டாக்டர் சொன்னப்போ நான் வாயாடிட்டு வந்தேன். போட்ட கை என்னுது, போடச் சொன்ன நாக்கு உங்களுது. ரெண்டு பேரும் சேந்துதான் இதைப் பண்ணியிருக்கோம்."

அதற்குப் பிறகு கேட்டது அக்கா நடக்கிற சத்தம்தான், சமையலறைக்கும் கூடத்துக்குமாக.

அக்கா ஒரேயடியாகக் குறைக்கவில்லை. செய்தியில் சொன்னபடி, வாரத்துக்கு ஒரு சிட்டிகை, இரண்டு சிட்டிகை என்று இறக்கினார். உப்புக்குப் பதில் எலுமிச்சை, பூண்டு, மிளகு. டயர்க்காரர் ஒவ்வொரு நாளும் பயந்துபோய் முதல் தட்டைச் சாப்பிட்டார். கூடம் முணுமுணுத்தது. "அக்கா, உப்பு லீவுல போயிருக்கா?" என்று ஒல்லி கேட்டார். சிலர் சட்டைப் பையில் உப்புப் பொட்டலம் கொண்டுவந்தார்கள். அக்கா மேஜைகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தார். அவர் கடந்துபோகும் வரை பொட்டலங்கள் பையை விட்டு வெளியே வராது.

முதல்வண்டி கேன்டீனில் சாப்பிட்டார், பேசவில்லை. ஆனால் அழுத்தம் இறங்கவும் இல்லை. ஏன் என்பது, சட்டையைத் துவைக்க எடுத்தபோது அக்காவுக்குத் தெரிந்தது. பையில் உப்புக்கடலைக் காகிதம். அவர் வண்டி போய்ச் சேரும் கடைசி நிறுத்தத்தில் ஒரு கடை இருக்கிறது. தினமும் அங்கே ஒரு பொட்டலம்.

அக்கா அதைக் கேட்டுச் சண்டை போடவில்லை. அவரால் எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. மறுசோதனைக்கு ஒரு மாதம்கூட இல்லை. உப்பில்லாமல் வறுத்த கடலையை ஒரு டப்பாவில் போட்டு வண்டியின் டேஷ்போர்டில் வைத்துவிட்டு வந்தார், அவ்வளவுதான். அது அப்படியே திரும்பி வந்தது. மறுபடி வைத்தார். மறுபடி திரும்பியது. அக்கா ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்த நடையில் சமையலறைத் தரை தேய்ந்திருக்கும்.

ஒருநாள் முதல்வண்டி கூடத்துக்குள் எரிச்சலோடு வந்தார். ஒல்லியைப் பார்த்துத்தான் பேசினார், ஆனால் சமையலறைக்குக் கேட்கிற குரலில்.

"அந்தக் கடைசி ஸ்டாப் கடைக்காரனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு. கடலையில உப்பைக் கொட்டறான். வாயில வைக்க முடியல."

"கடைக்காரர் மாறிட்டாரா?"

"அதே ஆளுதான்."

"அப்ப கடலை மாறிடுச்சா?"

முதல்வண்டி பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். கூடத்தில் ஒருவர் சிரித்தார், பிறகு இன்னொருவர். சமையலறைக்குள் ஒரு மூடி கீழே விழுந்து உருண்டு ஓய வெகுநேரம் ஆனது. அன்றைக்கு டேஷ்போர்டு டப்பா காலியாகத் திரும்பியது.

மறுசோதனை நாள் வந்தது. முதல்வண்டி மருத்துவமனைக்குப் போனார். அவர் வண்டியை மாற்று ஓட்டுநர் எடுத்துப் போனார். அக்காவுக்குச் சமையலை விட்டுப் போகமுடியவில்லை. ஜன்னலுக்கு வருவார், கேட்டைப் பார்ப்பார், அடுப்புக்குப் போவார், திரும்ப வருவார்.

"அக்கா, நீங்க நடக்கற நடைக்கு உங்க ப்ரெஷர் பாதாளத்துக்குப் போயிருக்கும்," என்றார் ஒல்லி.

"வாயை மூடு தம்பி. கேட்ல யாரு வர்றா பாரு."

முதல்வண்டிதான். நடந்து வந்தார். முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஓட்டுநர்களின் முகம் அப்படித்தான். நேராக ஜன்னலுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லைக்குள்ள வந்துருச்சு. ஆனா விளிம்புலதான் நிக்குதாம். கையெழுத்துப் போட்டுட்டாரு. மாத்திரையை விடக்கூடாது, மூணு மாசம் கழிச்சுத் திரும்ப வரணும்னாரு."

"விளிம்புன்னா எவ்வளவு விளிம்பு?"

"சக்கரம் நடைபாதையை ஒரசாம வளைக்கற மாதிரி."

"ஒரசாமலா, ஒரசியும் ஒரசாமலா?"

"ஒரசலம்மா. மத்தியான வண்டி எனக்குத்தான். விடு, கிளம்பணும்."

அவர் வண்டி கேட்டைத் தாண்டித் தெருவில் மறையும்வரை அக்கா ஜன்னலில் நின்றார். நின்றார் என்றால் அசையாமல் நின்றார். அது கொஞ்ச நேரம்தான். ரொட்டிக்காரர் மாலைச் சிற்றுண்டிக்கான ரொட்டித் தட்டுகளைப் பின்வாசலில் இறக்கிக்கொண்டிருந்தார். அக்கா போய் ஓர் உறையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, அதில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்ததை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார்.

"இங்க வாங்க, ஒரு நிமிஷம். இதுல இவ்வளவு உப்பு எதுக்குப் போடறீங்க?"